கால் படாத தண்ணி

வாங்க அம்மிணி, இப்படி வேப்பமரத்துக்கடியில உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாமுங்க, ஒரு காலு ஆடும். கோழிக் கம்பெனில இருந்து டாக்டர் வர்றாங்கன்னதும் மீசை வெச்ச ஆளு ஒருத்தர் வருவாருன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க. நீங்க பாத்தா என்ர மகளாட்டம் இருக்கறீங்க. இந்தாங்க, மோர் குடிங்க. என்னங்க, உப்புக் கம்மியா? கம்மி இல்லீங்க, போடவே இல்ல. ஊட்ல உப்பு தீந்துபோச்சு. அதுக்கும் ஒரு காரணம் இருக்குதுங்க, சொல்றேன்.

நீங்க கோழிச் செட்டுக்குள்ள போனதையும் மூக்கைப் பொத்திக்கிட்டு வெளிய வந்ததையும் பாத்தனுங்க. வெக்கமாத்தான் இருந்துச்சு. கோழிக்குக் கீழ மெத்தையாட்டம் போடறமே தென்ன மஞ்சி, அது பொலபொலன்னு காஞ்சு கெடக்கோணும். எங்க செட்டுல அதைப் புழிஞ்சா ஒரு சொம்பு தண்ணி எடுக்கலாம். இது மூணாவது பேட்ச்சு இப்படி. சூப்பர்வைசர் தம்பி போன வாரமே சொல்லிட்டாப்ல, "டாக்டர் வந்து என்ன காரணம்னு கண்டுபுடிக்கோணுங்மா. இல்லாட்டி இனிமே உங்க பண்ணைக்குக் கம்பெனி குஞ்சு எறக்காது"ன்னு. குஞ்சு எறக்காட்டி இந்தச் செட்டை வெச்சு நான் என்ன பண்றது? கல்யாண மண்டபமா நடத்த முடியும்? இந்த வாடைக்கு மாப்பிள்ளை தாலிகட்டாமயே ஓடீருவான். இந்தச் செட்டைக் கட்டறதுக்குப் பால்மாடு மூணையும் வித்துப்போட்டமுங்க. இதுதான் எங்களுக்குச் சோறு. அதனால உங்ககிட்ட எதையும் மறைக்கறதா இல்ல.

நோவு கோழிக்கு இல்லீங்க. கண்ணு. கண்ணு பட்டுப்போச்சு.

ஆரு கண்ணுன்னும் எனக்குத் தெரியும். அதா, அந்த மதில் செவுத்துக்குப் பொறத்தால ஓட்டு வீடு தெரியுதுல்லங்க? அந்த வீட்டுக்காரி. சாந்தாமணி. என்ர கொழுந்தனார் சம்சாரம். சித்தெ மெதுவாப் பேசலாமுங்க, அவளுக்குப் பாம்புக் காது.

நடந்ததைச் சொல்றேன். போன ஆடி நோம்பி சமயம். குஞ்சு எறக்கி மூணு வாரம் இருக்கும். அப்பெல்லாம் என்ர கோழி எப்படி இருக்கும் தெரியுங்களா? இவ கருவேப்பிலை கேட்டு வந்தவ செட்டுக்குள்ள எட்டிப் பாத்துட்டு, "ஏனுங்க்கா, மல்லியப்பூவைக் கூடையோட கொட்டுனாப்ல இருக்குதுங்க"ன்னா. நல்ல வார்த்தைதான், நான் இல்லேங்கல. ஆனா நல்ல வார்த்தை சொல்றவ பெருமூச்சு உடலாமா? உட்டாளுங்க. என்ர காதால கேட்டேன். அவளுக்கு வீசிங் தொந்தரவு இருக்குது, எப்பவுமே மூச்சு வாங்கும், அது வேற விசயம்.

அடுத்த வாரமே மஞ்சி நனைய ஆரம்பிச்சுப்போச்சு. கோழியெல்லாம் தண்ணிக் குழாயை உட்டு நகராம நிக்குது. குடிக்குது, குடிக்குது, பீச்சுது. மறுபடியும் குடிக்குது. நான் பயந்துபோயி செட்டுக்குள்ள நின்னே சூப்பர்வைசர் தம்பிக்குப் போன் போட்டேன். காத்தாடி ஓடுது, கோழி கத்துது, ஒண்ணும் கேக்கல. அதுக்குள்ளயும் அந்தத் தம்பி சொன்னது மட்டும் தெளிவாக் கேட்டுச்சு. "அம்மா, சோசியம் எச்சாயிருச்சுன்னு நெனைக்கறேன். சோசியம் பாக்கோணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டிருச்சுங்க. படிச்ச பையன், கம்பெனி உத்தியோகம், அதுவே சோசியம் பாக்கோணுங்குதுன்னா விசயம் எந்த அளவுக்கு முத்திப்போயிருக்கோணும்! "எங்க தம்பி பாக்கறது?"ன்னேன். "நாங்க ஆளனுப்பிப் பாத்துக்கறமுங்மா"ன்னுச்சு. நம்ம குடும்ப விசயத்தைக் கம்பெனிக்காரங்க ஆளனுப்பிப் பாக்கறதா? ஊரே சிரிக்காதா? மறு நாள் வெடியால மொத பஸ்ஸுக்கு நானே கெளம்பிப் போயிட்டனுங்க.

சோசியக்காரரு நல்ல மனுசன். கோழிக்கு ஜாதகம் இல்லைன்னு தயங்குனாரு. நான் குஞ்சு எறக்குன நேரத்தைச் சொன்னேன். அதை வெச்சுக் கட்டம் போட்டாரு. போட்டுப் பாத்துட்டு, "சொந்தத்துல ஒரு கண்ணு உழுந்திருக்குது தாயி"ன்னாரு. பாத்தீங்களா? நான் சாந்தாமணியப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. அவ பேரு, அவ பெருமூச்சு உட்டது, எங்க செவுத்துக்குப் பக்கத்துல இருக்கறது, இவ்வளவுதான் சொன்னேன். அவரு எப்படிக் கண்டுபுடிச்சாரோ!

பரிகாரமும் சொன்னாரு. செவ்வாக்கெழமையும் ஞாயித்துக்கெழமையும் பொழுதோட, வெளக்கு வெக்கற நேரத்துல, கல்லுப்பை எடுத்துச் செட்டை மூணு சுத்துச் சுத்தோணும். சுத்தறப்ப வாயத் தொறக்கக் கூடாது, ஆரும் பாக்கவும் கூடாது. சுத்துன உப்பைக் கால் படாத தண்ணில கரைச்சரோணும். உப்புக் கரையக் கரையக் கண்ணும் கரைஞ்சு போயிரும்.

கால் படாத தண்ணிக்கு நான் எங்கீங்க போறது? வாய்க்காத் தண்ணில ஆடு மாடு எறங்குது. கெணறு வத்திப்போச்சு. ஊட்டுத் தொட்டில எங்கூட்டுக்காரரே கால் கழுவுவாரு. ஒரு நாள் முழுக்க ரோசனை பண்ணுனேன். அப்பறந்தான் பளிச்சுனு தோணுச்சு. செட்டுக்குள்ள ஒசரத்துல மேடை கட்டி வெச்சிருக்கறமே, கோழிக்குத் தண்ணி போற டேங்கு! மூடி போட்ட டேங்கு. காக்கா காலு கூடப் படாது.

ஐயோ, என்னாச்சுங்க அம்மிணி? புரையேறிருச்சா? தலையத் தட்டுங்க, தட்டுங்க. ஆரோ உங்கள நெனைக்கறாங்க.

எந்த டேங்கா? அதே டேங்குதானுங்க, நீங்க சித்தெ முன்னாடி நிமுந்து பாத்தீங்களே. இருங்க, இருங்க, நான் இன்னும் முடிக்கல. நீங்க பொறவு பேசுங்க.

அந்த வாரமே கம்பெனியும் தீவனத்தைத் திருப்பி எடுத்துட்டு வேற அனுப்புனாங்க. அரைக்கற எடத்துல ஒரு தடவை உப்பைக் கை தவறிப் போட்டுட்டாங்களாம். மாத்தி அனுப்புன தீவனத்துல ஒரு கொறையும் இல்லைன்னு பரிசோதனை பண்ணியே அனுப்புனாங்க. நல்லாக் கேட்டுக்கோங்க, தீவனம் சரியாப்போச்சு. ஆனா மஞ்சி காஞ்சுதா? காயல! தீவனத்தால வந்த வெனையா இருந்தா காஞ்சிருக்கோணுமா இல்லியா? அப்ப அது கண்ணுதான? அன்னைக்கே எனக்கு உறுதியாயிருச்சுங்க.

அப்பறம் போர்த் தண்ணியப் பாத்தாங்க. மோட்டார் வாயிலயே பாட்டில்ல புடிச்சுட்டுப் போனாங்க. எங்க பக்கத்துத் தண்ணி சித்தெ உப்புக் கரிக்கும், ஆனா கோழி தாங்கற அளவுதான்னுட்டாங்க. வெய்ய நாள்ல கோழி எளைக்காம இருக்க ஆப்ப சோடா கலக்கிக் குடுக்கச் சொல்லுவாங்களே, அதையும் கேட்டாங்க. எங்கூட்டுக்காரரு அளவு தவறாமத்தான் கலக்குனாரு. எல்லாம் சரி. எல்லாமே சரின்னா என்ன மிச்சம்? நீங்களே சொல்லுங்க.

நானும் உடலீங்க. மொதல்ல ஒரு கைப்புடி உப்புத்தான் சுத்துனேன். நிக்கல. சின்னக் கண்ணா இருந்தா கைப்புடிக்கு நிக்கும், இது பெருங்கண்ணு. ஒரு படியாக்குனேன். அப்பறம் டெம்போல உப்பு விக்க வர்றவன்கிட்டச் சொல்லி மூட்டையாவே எறக்கிப்போட்டேன். "அம்மா, கருவாடு போடப் போறீங்களா?"ன்னு கேக்கறான், எகத்தாளம் புடிச்சவன். நேத்து அந்த மூட்டையும் காலி. ஞாயித்துக்கெழமை வேற, எச்சாவே சுத்துனேன். ஊட்ல கொழம்புக்கு வெச்சிருந்த உப்பையும் சேத்து எடுத்துட்டுப் போயிட்டேன். அதான் உங்களுக்கு மோர் இப்படி.

ஒண்ணொண்ணும் கண்ணுக்குப் பொருந்தி வருதுங்க. செட்டுக்குள்ள போனீங்களே, கண்ணு எரிஞ்சுச்சா இல்லியா? மஞ்சி ஈரத்துல கெளம்பற ஆவின்னு சூப்பர்வைசர் தம்பி சொல்றாப்ல. கண்ணு பட்ட எடத்துல கண்ணுதானுங்க எரியும், மூக்கா எரியும்? சரி, மூக்கும் எரிஞ்சுச்சு. செத்த கோழிய அறுத்துப் பாத்தா வகுறு முழுக்கத் தண்ணி கட்டியிருக்குதுன்னாங்க. வகுத்தெரிச்சல் புடிச்சவ பார்வை வகுத்துலதான போயி நிக்கும்?

இன்னும் கேளுங்க. நடுவுல ஒரே ஒரு பேட்ச்சு நல்லா வந்துச்சு. மஞ்சி காஞ்சு, கோழி கனத்து, கம்பெனிக்காரங்களே கைகுலுக்கிட்டுப் போனாங்க. அது எப்பன்னு நெனைக்கறீங்க? சாந்தாமணி ஊர்ல இல்லாதப்ப! அவங்கம்மா காலை ஒடச்சுக்கிட்டாங்கன்னு காங்கயம் போயி அந்த பேட்ச்சு முடியற வரைக்கும் அங்கயே இருந்தா. நான் எங்க இருந்தனா? நானும் இங்க இல்லீங்க. மகளுக்குப் பிரசவம், ஓசூர்ல இருந்தேன். எங்கூட்டுக்காரரு ஒருத்தருதான் பாத்துக்கிட்டாரு. இல்லீங்க, அவரு எதுக்கு உப்புச் சுத்தறாரு? அவருக்கு இந்த விசயமே தெரியாது. பொழுதோட அவரு பேக்கரிக்கு டீ குடிக்கப் போற நேரந்தான் நான் சுத்தறது. ஆக, அவ இல்ல, கண்ணு இல்ல, கோழி நல்லாருந்துச்சு. இதுக்கு மேல என்ன சாச்சி வேணும்?

சிரிக்காதீங்க. நான் ஒரு நாள் நேராவே அவளக் கையுங்களவுமாப் புடிச்சேன்.

போன சித்திரை. நான் மூணாவது சுத்தும் முடிச்சு, மேடைல ஏறி, டேங்கு மூடியத் தொறந்து உப்பக் கொட்டறேன். பொறத்தால ஒரு குரலு. "ஏனுங்க்கா! கோழி குடிக்கற தண்ணிலயா உப்பப் போடறீங்க? அது இன்னும் தாகமெடுத்துக் குடிச்சுத்தான தள்ளும்? வாய்க்கால்ல கொண்டு போயி உடுங்க்கா." கையில ஒரு தூக்குப்போசி. கொள்ளு ரசம் கொண்டாந்திருந்தா. அவ கொள்ளு ரசம் வெச்சா நான் ரெண்டு வாய் எச்சாச் சாப்புடுவேன்னு அவளுக்குத் தெரியும்.

எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க. பேசக் கூடாத நேரத்துல பேசிப்போட்டா. பாக்கக் கூடாததைப் பாத்துப்போட்டா. அதுக்கு மேல அவ கண்ணைக் கரைக்கற உப்பையே வெளிய கொட்டச் சொல்றா! கண்ணு போட்டவளுக்குத்தான அது கரையறது பொறுக்காது? நான் மேடைல இருந்து எறங்காமயே கேட்டுப்போட்டேன். "என்ர கோழி பொழைக்கறது உனக்கு அத்தனை எரிச்சலா இருக்குதா? சோத்துல உப்புப் போட்டுத் திங்கறவளா இருந்தா இனி என்ர வாசல் மிதிக்காத"ன்னேன். அத்தோட உட்டனா? "உப்பத் தின்னவ தண்ணி குடிச்சே ஆகோணும், நான் பாக்கத்தான் போறேன்"னு சாபமும் உட்டுப்போட்டேன்.

இதுக்கு எதுக்குங்க இப்படிச் சிரிக்கறீங்க? கண்ணுல தண்ணியே வந்துருச்சு உங்களுக்கு. பழமொழிதான சொன்னேன்.

அவ தூக்குப்போசிய அந்தத் திட்டு மேல வெச்சுட்டுப் போயிட்டா. நான் அந்த ரசத்தைத் தொடல. எங்கூட்டுக்காரரு குடிச்சாரு, நல்லாருந்துச்சுன்னாரு. அதுல இருந்து பேச்சு இல்லீங்க. எனக்கொண்ணும் இல்ல. மொதல்லயெல்லாம் பொழுதோட இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான், கீரை ஆய்ஞ்சுட்டே பழமை பேசுவோம். அவ ஊட்டு மாவுல எனக்குத் தோசை, என்ர தோட்டத்துக் கருவேப்பிலைல அவளுக்குத் தாளிப்பு. இப்ப அவ கருவேப்பிலைக்குச் சந்தைக்குப் போறா. போகட்டும். எனக்கொண்ணும் இல்லீங்க. கொள்ளு ரசம் எனக்கு வெக்கத் தெரியாதா? வெச்சுப் பாத்தேன். ஒரு மாதிரித்தான் இருந்துச்சு.

சரி, இப்ப நீங்க சொல்லுங்க. கேட்டுக்கறேன்.

என்னங்க? சோடியமா? சோசியம் இல்லீங்களா? மறுக்கா ஒருக்காச் சொல்லுங்க. சோ… டி… யம். அந்தத் தம்பி போன்ல சொன்னது அதுவா? அப்படின்னா என்னங்க அது?

உப்பா?

உப்புக்கு எதுக்குங்க இத்தனை பேரு? உப்புன்னு சொல்லித் தொலைச்சா எனக்குப் புரியாதா? பஸ்ஸேறிப் போயி, கட்டம் போட்டு… சரி, சொல்லுங்க, சொல்லுங்க. தீவனத்துல இருக்கறது உப்பு. ஆப்ப சோடாவுல இருக்கறதும் அந்தச் சத்துத்தானா? போர்த் தண்ணிலயும் அதுவா? இந்த மூணையும் கூட்டித்தான் கோழிக்கு இத்தனைதான்னு கணக்குப் போட்டு வெச்சிருக்கறீங்களா? அதுக்கு மேல நாலாவதா நான் ஒருத்தி.

ஆனா ஒண்ணு கேக்கறனுங்க. உப்புத்தான் கரைஞ்சுருதே! கரைஞ்சா போயிராதா? கண்ணால பாத்தனே, ஒரு பொட்டு இல்லாமக் கரைஞ்சுது. கரைஞ்சாலும் அந்தத் தண்ணிலயேதான் இருக்குமா? அட, ஆமாங்க. கொழம்புல போடற உப்பும் கரையத்தான் செய்யுது, நாக்குக்குத் தெரியாமயா போகுது? கரைஞ்ச கண்ணு எங்க போகும்னு நெனச்சனே தவிர, கரைஞ்ச உப்பு எங்க போகும்னு நான் நெனைக்கவே இல்லீங்க.

அப்ப அது தண்ணியாக் குடிச்சது, பீச்சுனது, மஞ்சி நனைஞ்சது, வகுத்துல தண்ணி கட்டுனது எல்லாம்… அட சாமி. வாயில்லா சீவன். எத்தனை கோழி செத்துப்போச்சுங்க. நான் நல்லதுக்குத்தான பண்ணுனேன்?

சரி, அப்ப உப்பே இல்லாமப் பண்ணீரலாமா? அதுவுங் கூடாதா? உப்புச் சுத்தமா இல்லாட்டி கோழி வளராதா? ஒண்ணையொண்ணு கொத்திக்குமா? ரத்தம் வர்ற வரைக்குமா?

இது கோழிக்கு மட்டுந்தானுங்களா?

இல்லீங்க, ஒண்ணுமில்ல, சும்மாக் கேட்டேன்.

டேங்கைக் கழுவிப்போடறேன். இன்னைக்கே, இப்பவே கழுவிப்போடறேன். குழாயெல்லாம் தொறந்து உட்டுப்போடறேன். மஞ்சிய மாத்திப்போடறேன். நீங்க கம்பெனில சொல்லி அடுத்த குஞ்சு எறக்கச் சொல்லீருவீங்கல்ல? தெய்வமே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஆனா என்னன்னு சொல்லுவீங்க? "ராமாத்தா உப்பக் கொட்டுனா"ன்னு சொல்லீராதீங்க. "தண்ணில உப்பு இருந்துச்சு"ன்னு மொட்டையாச் சொல்லுங்க. பொய்யும் இல்ல, எனக்கு மானமும் போகாது. அந்த சூப்பர்வைசர் தம்பிக்கு மட்டும் தெரிஞ்சுதுன்னா பல்லடம் பூராவும் சொல்லிச் சிரிக்கும்.

அப்பறம், கண்ணே இல்லைன்னு மட்டும் சொல்லீராதீங்க. நீங்க சொல்லலியா? நல்லது. வேணுமுன்னா வாய்க்கால்ல உட்டுக்கலாமா? கோழி குடிக்காத எடத்துல எங்க வேண்ணாலும் உட்டுக்கலாமா? சரிங்க. வாய்க்கால்லயே உட்டுக்கறேன்.

வாய்க்கால்ல.

அதைத்தானுங்க அவளும் சொன்னா. இதே வார்த்தை. நீங்க காலேஜுல படிச்சுட்டு வந்து சொல்றீங்க, அவ ரசத்தைக் கையில வெச்சுட்டுச் சொன்னா. சொன்னது சரின்னே வெச்சுக்குவோம். ஆனா சுத்திட்டு இருக்கறப்பவா சொல்லுவாங்க? ஒரு காப்பி குடிக்கறப்பப் பக்குவமாச் சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டனா?

கேட்டிருக்க மாட்டேன். உடுங்க.

எங்க எந்திரிக்கறீங்க? ஒரு வாய் சாப்புடாம இந்தத் தோட்டத்துல இருந்து ஆரும் போனதில்ல. அடுப்புல நாட்டுக்கோழி வெந்துட்டு இருக்குது. பயப்படாதீங்க, இது டேங்குத் தண்ணி குடிக்காத கோழி. மசாலையெல்லாம் அரைச்சு ஊத்தியாச்சு. ஆனா உப்பு… கடைக்குப் போகோணும்னா மூணு மைலுங்க. எங்கூட்டுக்காரரு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு. உப்பில்லாம உங்களுக்கு எப்படி நான் சோறு போடறது?

இருங்க. சித்தெ இருங்க.

சாந்தாமணீ… ஏம் புள்ள, சாந்தாமணி!

கேட்டீங்களா? கூப்புட்டு வாய மூடல, "ஏனுங்க்கா"ங்கறா. செவுத்துக்குப் பொறத்தாலயேதான் நின்னிருக்கா, பாம்புக் காதுக்காரி. நாம பேசுனது அத்தனையும் கேட்டிருப்பா. கேட்டா கேக்கட்டும், எனக்கொண்ணும் இல்ல.

ஏம் புள்ள, ஒறம்பரை வந்திருக்காங்க… சித்தெ உப்பு குடு!

என்ன கேக்கறா பாருங்க! "கோழிக்குங்களாக்கா, கொழம்புக்குங்களா?"ன்னு கேக்கறா. வாயப் பாத்தீங்களா அவளுக்கு? நீங்களும் சேந்து சிரிக்கறீங்க. சிரிங்க, சிரிங்க.

கொழம்புக்குத்தாம் புள்ள! இரு, கையில நீட்டாத. உப்பக் கையில வாங்குனா சண்டை வரும். அந்தச் செவுத்து மேல வெய்யி, நான் எடுத்துக்கறேன். மறுக்கா ஒரு சண்டைய என்னால தாங்க முடியாது.